பசிபிக் தீவு முதல் டெல்லி புகை வரை: சட்ட மாணவர்கள் கேட்ட கேள்வி எதை மாற்றியது?

சட்டக் கல்லூரி மாணவர்கள் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கறுப்பு கோட்டு, தடித்த புத்தகங்கள், மாதிரி நீதிமன்றப் போட்டிகள். ஆனால் 2019-ல் பசிபிக் கடலில் இருக்கும் ஒரு குட்டித் தீவு நாட்டில், 27 சட்ட மாணவர்கள் வகுப்பில் பேசிய ஒரு யோசனை, ஆறு வருடங்களில் உலகத்தின் உச்ச நீதிமன்றம் என்று சொல்லப்படும் சர்வதேச நீதிமன்றத்தின் வாசல் வரை போனது. 15 நீதிபதிகளும் ஒருமனதாகப் பதில் சொன்னார்கள்.

அதே காலகட்டத்தில் நம் நாட்டில், டெல்லியின் புகையை எதிர்த்து ஒரு பள்ளி மாணவரும் ஒரு சட்ட மாணவரும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் பிறகு சில நாட்களில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டமே கொண்டு வந்தது.

இந்த இரண்டு கதைகளிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான். புகையை விடுவது யார், அதன் விலையைக் கொடுப்பது யார்? அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் என்ன பதில் கிடைத்தது, அந்தப் பதிலால் தரையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

காற்று மாசும் காலநிலை மாற்றமும் ஒன்றா?

இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் பிறப்பிடம் பெரும்பாலும் ஒன்றுதான்.

நிலக்கரி, பெட்ரோல், டீசல் எரியும்போது இரண்டு வகையான கேடுகள் வெளியே வருகின்றன. ஒன்று, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். இதன் அளவு நம் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. மூச்சுக்காற்றோடு நுரையீரலின் அடி ஆழம் வரை போய், ரத்தத்திலும் கலந்துவிடும். காற்றில் சில நாட்கள், அதிகபட்சம் சில வாரங்கள் இருக்கும். எங்கே புகை கிளம்புகிறதோ, அந்தப் பகுதி மக்களைத்தான் முதலில் தாக்கும்.

இன்னொன்று, கார்பன் டை ஆக்சைடு. இதை மூச்சில் இழுத்தால் உடனே இருமல் வராது. ஆனால் இதில் ஒரு பகுதி வளிமண்டலத்தில் பல நூறு ஆண்டுகள் தங்கி, பூமியைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். எந்த நாட்டில் கிளம்பினாலும் உலகம் முழுவதையும் பாதிக்கும்.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, வெளிப்புறக் காற்று மாசால் 2019-ல் மட்டும் சுமார் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்திருக்கிறார்கள். பி.எம். 2.5 அளவு ஆண்டு சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்தியாவின் தேசிய வரம்பு 40 மைக்ரோகிராம். அதாவது எட்டு மடங்கு. அந்த வரம்பைக்கூட நம் நாட்டின் பல நகரங்கள் தாண்டிவிடுகின்றன.

'காலநிலை நீதி' என்றால் என்ன?

ஒரு தெருவில் பத்து வீடுகள் இருக்கின்றன. இரண்டு வீட்டுக்காரர்கள் மட்டும் வருடக்கணக்கில் குப்பையை எரிக்கிறார்கள். புகை பத்து வீட்டுக்கும் போகிறது. தெருக்கோடியில் ஜன்னல்கூட சரியாக மூடாத ஒரு ஓலை வீடு. அங்கே இருக்கும் குழந்தைக்குத்தான் மூச்சுத்திணறல் வருகிறது. அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் குப்பையை எரித்ததில்லை. இப்போது 'எல்லாரும் சேர்ந்து சரிசெய்வோம், எல்லாரும் சமமாகப் பணம் போடுவோம்' என்றால் அது நியாயமா?

இதே கேள்வியை நாடுகளுக்கிடையே கேட்டால், அதுதான் காலநிலை நீதி. ஒரே நாட்டுக்குள்ளும் இதைக் கேட்கலாம். ஏசி அறையில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்திருப்பவருக்கும், சிக்னலில் நின்று பொம்மை விற்பவருக்கும் ஒரே புகைதான். ஆனால் பாதிப்பு ஒன்றல்ல.

27 மாணவர்கள் என்ன செய்தார்கள்?

வனுவாட்டு. சுமார் 80 தீவுகள், மூன்று லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள். உலகின் கார்பன் வெளியேற்றத்தில் இந்த நாட்டின் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. ஆனால் 2015 மார்ச்சில் வீசிய 'பாம்' புயல், அந்த நாட்டின் ஓர் ஆண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பாதிக்கும் மேல் சேதத்தை உண்டாக்கியது.

அதன் தலைநகர் போர்ட் விலாவில்தான் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை இருக்கிறது. பல தீவு நாடுகளின் பிள்ளைகள் அங்கே ஒன்றாகப் படிக்கிறார்கள். 2019-ல் சர்வதேச சுற்றுச்சூழல் சட்டம் படித்துக்கொண்டிருந்த 27 மாணவர்கள், காலநிலை மாற்றத்துக்குச் சட்டத்தில் என்ன வழி இருக்கிறது என்று தேடினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது மிகப் பெரிய வழி: சர்வதேச நீதிமன்றத்திடம் 'ஆலோசனைக் கருத்து' கேட்பது.

இந்த யோசனை புதிதல்ல. 2011-லேயே பலாவு என்ற இன்னொரு தீவு நாடு இதற்கு முயன்றது. ஆனால் பெரிய நாடுகளின் எதிர்ப்பால் அது நகரவில்லை. அதனால் இந்த மாணவர்களுக்கும் 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்ற சந்தேகம் சுற்றிலும் இருந்தது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு. தனிமனிதர்களோ சங்கங்களோ சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. ஐ.நா. பொதுச் சபை போன்ற ஐ.நா. அமைப்புகள்தான் ஆலோசனைக் கருத்து கேட்க முடியும். ஆக, மாணவர்கள் முதலில் ஓர் அரசாங்கத்தைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அந்த அரசாங்கம் மற்ற நாடுகளைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

'காலநிலை மாற்றத்தை எதிர்க்கும் பசிபிக் தீவு மாணவர்கள்' என்ற பெயரில் அமைப்பைத் தொடங்கி, பசிபிக் நாடுகளின் தலைவர்களுக்கு மாணவர்கள் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசு காதுகொடுத்துக் கேட்டது. 2021-ல் அந்த அரசு இதைத் தன் அதிகாரப்பூர்வ முயற்சியாகவே அறிவித்தது.

2023 மார்ச் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் ஜூடி, கெவின் என்று இரண்டு புயல்கள் வனுவாட்டுவை அடித்துப் போட்டன. அந்தச் சேதத்துக்கு நடுவே, மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச் சபையில் தீர்மானம் வந்தது. 132 நாடுகள் கூட்டாக முன்மொழிந்தன. வாக்கெடுப்பே இல்லாமல் ஒருமித்த கருத்தோடு நிறைவேறியது.

நீதிமன்றத்திடம் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். காலநிலையைக் காக்க நாடுகளுக்கு என்ன சட்டக் கடமை இருக்கிறது? அந்தக் கடமையை மீறித் தீங்கு செய்தால் சட்டப்படி என்ன விளைவு?

நீதிமன்றம் என்ன சொன்னது?

2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் இரண்டு வாரங்கள் விசாரணை நடந்தது. 96 நாடுகளும் 11 சர்வதேச அமைப்புகளும் வாதாடின. 2025 ஜூலை 23 அன்று கருத்து வெளியானது. முக்கியமான அம்சங்கள் இவை:

1. காலநிலை ஒப்பந்தங்கள் வெறும் வாக்குறுதி அல்ல. அவற்றில் சட்டக் கடமைகள் உண்டு. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்துவதே நாடுகள் ஒப்புக்கொண்ட முதன்மை இலக்கு. ஒவ்வொரு நாடும் தன்னால் முடிந்த அதிகபட்ச முயற்சியைத் தன் திட்டத்தில் காட்ட வேண்டும்.

2. ஒப்பந்தத்தில் இல்லாத நாடும் தப்ப முடியாது. இன்னொருவர் சுற்றுச்சூழலுக்குப் பெரும் தீங்கு வராமல் தடுப்பது, வழக்காறு சார்ந்த சர்வதேசச் சட்டப்படி எல்லா நாடுகளுக்கும் பொதுவான கடமை.

3. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு விஷயத்தில் அலட்சியம் குற்றமாகலாம். இவற்றைத் தோண்ட உரிமம் கொடுப்பது, மானியம் கொடுப்பது, உற்பத்தி செய்வது, பயன்படுத்துவது ஆகியவற்றில் உரிய நடவடிக்கை எடுக்காமல் இருப்பது சர்வதேசச் சட்ட மீறலாக அமையக்கூடும். தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதும் அரசின் பொறுப்புதான்.

4. மீறினால் விளைவு உண்டு. தவறை நிறுத்த வேண்டும், மீண்டும் செய்யாமல் இருக்க வேண்டும், பாதிப்புக்கும் மீறலுக்கும் நேரடித் தொடர்பு நிரூபிக்கப்பட்டால் இழப்பீடும் கொடுக்க வேண்டியிருக்கும்.

5. சுத்தமான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்கவே முடியாது.

அப்படியென்றால் நாளைக்கே பணக்கார நாடுகள் செக் எழுதிக் கொடுத்துவிடுமா? இல்லை. ஆலோசனைக் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது. அதை அமல்படுத்த நீதிமன்றத்திடம் போலீஸும் கிடையாது. ஆனால் சட்டம் இதுதான் என்று உலகின் உயர்ந்த நீதிமன்றம் எழுதிக் கொடுத்துவிட்டது. இனி எந்த நாட்டின் நீதிமன்றத்தில் யார் காலநிலை வழக்குப் போட்டாலும் இதை எடுத்துக் காட்டலாம். பேச்சுவார்த்தை மேஜையில் சிறிய நாடுகளின் கையில் இருப்பது இனி வெறும் கோரிக்கை மனு அல்ல.

அந்த மாணவர் அமைப்புக்கு 2025-ம் ஆண்டின் 'ரைட் லைவ்லிஹுட்' விருதும் கிடைத்தது.

இதில் இந்தியா எந்தப் பக்கம்?

2024 டிசம்பர் 5 அன்று இந்தியா தன் வாதத்தை வைத்தது. பிரச்சினையை அதிகம் உண்டாக்கியது வளர்ந்த நாடுகள்தான், பொறுப்பும் அவர்களுக்கே அதிகம் என்றது. கூடவே, ஏற்கெனவே இருக்கும் காலநிலை ஒப்பந்தங்களைத் தாண்டிப் புதிய கடமைகளை நீதிமன்றம் உருவாக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டது.

நாடுகளின் பொறுப்பு அவரவர் நிலைக்கு ஏற்ப வேறுபடும் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஒப்பந்தங்கள் மட்டும்தான் சட்டம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. எந்த நாடு வளர்ந்தது, எது வளரும் நாடு என்பதும் காலத்தோடு மாறக்கூடியது என்றது. நம் நாடு ஒரு பக்கம் காலநிலை மாற்றத்தால் அடிபடும் நாடு, இன்னொரு பக்கம் நிலக்கரியை அதிகம் எரிக்கும் நாடு. அதனால் இந்தக் கருத்தின் இரண்டு முனைகளும் நம்மைத் தொடும்.

டெல்லியில் நடந்தது என்ன?

2020 அக்டோபர். டெல்லியைச் சுற்றி வயல்களில் நெல் தாள் எரிப்பு தொடங்கியிருந்தது. கொரோனாவும் உச்சத்தில் இருந்தது. தாள் எரிப்பைத் தடுக்கக் கோரி 12-ம் வகுப்பு மாணவர் ஒருவரும் சட்ட மாணவர் ஒருவரும் போட்ட பொதுநல மனு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது.

அக்டோபர் 16 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி மதன் லோகூர் தலைமையில் ஒரு நபர் குழுவை நீதிமன்றம் அமைத்தது. வயல்களைக் கண்காணிக்க என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் மாணவர்களைப் பயன்படுத்தவும் சொன்னது. பத்தே நாளில், அக்டோபர் 26 அன்று, தனிச் சட்டமே கொண்டு வரப்போகிறோம் என்று மத்திய அரசு சொன்னதால் குழு நிறுத்தி வைக்கப்பட்டது. அக்டோபர் 28 அன்று அவசரச் சட்டம் வந்தது. டெல்லி மற்றும் அதைச் சுற்றிய பகுதிகளுக்கான காற்றுத் தர மேலாண்மை ஆணையம் பிறந்தது. 2021 ஆகஸ்டில் அது நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆனது.

ஒரு மனு, ஒரு மாதத்துக்குள் ஒரு சட்டம். பெரிய விஷயம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2024 செப்டம்பரில் அதே ஆணையத்தை உச்ச நீதிமன்றமே கடுமையாகக் கடிந்துகொண்டது. சட்டம் கொடுத்த அதிகாரங்களை ஆணையம் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் நீதிபதிகளின் கோபம். டெல்லியின் குளிர்காலப் புகையும் நிற்கவில்லை.

தாள் எரிக்கும் விவசாயி வில்லனா?

காலநிலை நீதி என்ற சொல் இங்கேதான் வேலைக்கு வருகிறது. பஞ்சாப், ஹரியானாவில் நெல் அறுத்த பிறகு கோதுமை விதைக்கச் சில வாரங்களே கிடைக்கும். அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அகற்ற இயந்திரமும் ஆளும் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். தீக்குச்சி மலிவு. விவசாயிக்கு அபராதம் மட்டும் போட்டு, மாற்று வழிக்கு உதவாவிட்டால் அது சுத்தமான காற்றுக்கான நடவடிக்கையாக இருக்கலாம், நியாயமான நடவடிக்கை ஆகாது. டெல்லியின் புகைக்கு வாகனம், தொழிற்சாலை, கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு என்று வருடம் முழுவதும் ஓடும் காரணங்களும் உண்டு. தாள் எரிப்பு சில வாரங்களின் கதை மட்டுமே.

இன்னொரு உதாரணம். காற்றின் தரக் குறியீடு மோசமானால் டெல்லியில் கட்டுமானப் பணிகளை நிறுத்துவார்கள். ஊருக்கு நல்லது. ஆனால் அன்றாடம் கூலி வாங்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அன்றைக்குச் சாப்பாடு? அதே மாணவர்கள் தொடங்கிய வழக்கில், 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. கட்டுமானத் தொழிலாளர் நலனுக்காக வசூலிக்கும் செஸ் நிதியிலிருந்து, தடை இருக்கும் நாட்களுக்கு அவர்களுக்குப் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும் என்றது. புகையைக் குறைக்கும் செலவு ஏழையின் தலையில் விழக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

எல்லா மனுக்களும் ஜெயித்தனவா?

இல்லை. 2017-ல் உத்தராகண்டைச் சேர்ந்த 9 வயது சிறுமி, காலநிலை மாற்றத்துக்கு அரசு போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2019-ல் மனு தள்ளுபடி ஆனது.

நியூசிலாந்தில் ஒரு சட்ட மாணவி 2015-ல் தன் அரசின் கார்பன் குறைப்பு இலக்கு போதாது என்று வழக்குப் போட்டார். 2050-க்கான இலக்கை அமைச்சர் மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும் என்று 2017-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் ஆட்சி மாறி, புதிய அரசு புதிய இலக்கு வைப்பதாகச் சொன்னதால் எந்த உத்தரவும் போடவில்லை. சட்டப்படி அது முழு வெற்றி அல்ல. ஆனால் அரசின் காலநிலை முடிவையும் நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

நம் ஊரில் சட்டம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

நாம் நினைப்பதைவிட அதிகமாகவே கைகொடுக்கும். 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில், மாசில்லாத நீரும் காற்றும் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

1996-ல் வந்த இன்னொரு முக்கியத் தீர்ப்புக்கு மூல காரணம் நம் வேலூர். பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு அது. 'மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும்', 'அறிவியல் ஆதாரம் முழுதாக வரும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாகத் தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று நாட்டின் எந்த மூலையில் காற்று மாசு வழக்கு நடந்தாலும் இந்தக் கோட்பாடுகள் பேசப்படும்.

2024-ல் கானமயில் பறவையைக் காப்பது தொடர்பான ரஞ்சித் சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதகமான விளைவுகளிலிருந்து காக்கப்படுவதும் குடிமக்களின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் ஊரின் காற்றுத் தரத்தை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பார்க்கலாம். நிலையம் இல்லாத ஊர் என்றால், அதுவே ஒரு கேள்விதான்.

* ஆலைப் புகையோ குப்பை எரிப்போ தொடர்ந்து நடந்தால் தேதி, நேரம், இடம் குறித்துப் படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். முதலில் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். நகலைப் பத்திரமாக வையுங்கள்.

* ஒரு தொழிற்சாலைக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பல வழக்குகளின் முதல் ஆதாரம் இந்தப் பதில் கடிதம்தான்.

* புகாருக்கு நடவடிக்கை இல்லையென்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது. தென் மண்டல அமர்வு சென்னையில் செயல்படுகிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள் கிடைக்கும். இழப்பீடு கேட்பதென்றால் ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு.

* சட்ட மாணவரா? உங்கள் கல்லூரியின் சட்ட உதவி மையம் வழியாக இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதே நல்ல தொடக்கம்.

சுருக்கமாக...

வனுவாட்டு மாணவர்கள் சர்வதேச நீதிமன்றத்திடம் இருந்து பதில் வாங்கிவிட்டார்கள். ஆனால் அந்தப் பதில் கடல் மட்டத்தை ஓர் அங்குலம்கூட இறக்கவில்லை. டெல்லி மாணவர்களின் மனுவால் ஒரு சட்டம் வந்தது. ஆனால் டெல்லிக் குழந்தைகள் இன்னும் நவம்பரில் இருமுகிறார்கள். தீர்ப்பு வந்தால் காற்று தானாகச் சுத்தமாகிவிடாது என்பது இந்த இரண்டு கதைகளிலும் தெரிகிறது.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பு 'தயவுசெய்து கவனியுங்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், இப்போது 'இது உங்கள் சட்டக் கடமை, ஏன் செய்யவில்லை?' என்று கேட்க முடிகிறது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்க ஆள் இருந்தால்தான் தீர்ப்புக்கு உயிர் இருக்கும். டெல்லி ஆணையத்தை நீதிமன்றம் 2024-ல் திரும்பவும் கூப்பிட்டு விசாரித்ததும், வேலை நின்ற தொழிலாளிக்கு ஊதியம் கொடுக்கச் சொன்னதும் அப்படி யாரோ விடாமல் கேட்டதால்தான்.